அரைவட்டத்துக்கு வெளியே ஒரு கோல்

ஹாக்கி வர்ணனை என்று ஒன்று உலகத்தில் ஏற்பட்ட நாள் முதல், 'கோல்' என்று சொல்ல மனசு வராத ஒரே வர்ணனையாளர் எங்கள் அரைவட்டம்தான். பந்து வலைக்குள் போய், பலகையில் மோதி, கோல் கீப்பர் தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகும் அவர் வாயைத் திறக்க மாட்டார். பக்கத்து அறையில் இந்திக்காரர் நாற்காலி மேல் ஏறி நிற்பார். அதற்கடுத்த அறையில் ஒடியாக்காரர் மேஜையைக் குத்துவார். அரைவட்டம் மட்டும் வங்கியில் டோக்கன் நம்பருக்குக் காத்திருப்பவர் மாதிரி டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்பயர் இரண்டு கைகளையும் மைதானத்தின் நடுவை நோக்கி நீட்டிய பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, கோல்தான்" என்பார். ரேஷன் கார்டில் முத்திரை குத்துகிற குரலில் சொல்வார்.

இது நடந்த இடம் டில்லி, ஓக்லாவில் ஒரு ஸ்டூடியோ. ஹாக்கி லீக் ஆட்டங்கள் எங்கெங்கோ நடக்கும். நாங்கள் ஓக்லாவில் உட்கார்ந்து, டி.வி.யில் வருகிற படத்தைப் பார்த்து, அந்தந்த மாநிலத்து ரசிகர்களுக்கு அந்தந்த மொழியில் பேச வேண்டும். வரிசையாக நாலு கண்ணாடி அறைகள். நாலாவது அறை தமிழ். ஜனவரி மாதக் குளிர். ஹீட்டர் போட்டால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறும் என்று அணைத்து விடுவார்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த நேயர்களுக்கு, தங்களோடு பேசிக்கொண்டிருந்த இருவரும் குரங்குக் குல்லாயும் சால்வையுமாகப் பல் கிட்டிக்கொண்டிருந்தது தெரியாது.

இருவரில் நான் ஒருவன். சோப்பு, சிமெண்ட், கொசுவர்த்தி விளம்பரங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்து டில்லியில் பிழைக்கிறவன். ஹாக்கி தெரியுமா என்று கேட்டார்கள். நன்றாகத் தெரியும் என்றேன். எனக்குத் தெரிந்த ஹாக்கி, அதற்கு ஒரு மட்டை உண்டு என்கிற அளவில் இருந்தது. கூடவே ஒரு நிபுணர் வேண்டும், நீயே பிடித்து வா என்றார்கள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் லக்ஷ்மிபாய் நகரில் விசாரித்தபோது, அங்கே முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு ரிட்டையர் ஆனவர் ஒருவரைச் சொன்னார்கள். சொந்த ஊர் கோவில்பட்டி. அந்த ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் ஹாக்கி தெரியும். விளையாட்டுக் கோட்டாவில் மத்திய சர்க்கார் குமாஸ்தாவாக வந்தவர், இப்போது ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் மகனோடு துவாரகாவில் இருக்கிறார் என்றார்கள்.

துவாரகாவில் அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் பூங்காவில்தான் முதலில் பார்த்தேன். மழையே இல்லாத டிசம்பரில் கையில் குடை. அதைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த கைப்பிடியால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டு நடந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். பதில் சொல்லாமல் குடைப்பிடியால் மண்ணில் பெரிய அரைவட்டம் ஒன்று போட்டார்.

"தம்பி, கோல் கம்பத்துக்கு முன்னால போட்டிருப்பாங்கல்லா, இதுதான் டி. இதுக்குள்ள வச்சு நம்ம ஆளு ஸ்டிக் பட்டு உள்ள போனாத்தான் கோல். வெளிய நின்னு எம்புட்டு வேகமா அடிச்சாலும் அது கோல் இல்ல. பந்து தூரமாப் போச்சு, அவ்வளவுதான்."

இந்த ஒன்றை எனக்கு விளக்க ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பஞ்சாபிப் பெரியவர்கள் கோட்டை மிதித்தபோது, மிதித்த இடத்தைத் திரும்ப வரைந்து விட்டுத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு அவர் அரைவட்டம் போடாத இடத்தை நான் பார்த்ததில்லை. கான்டீன் மேஜையில் பச்சைச் சட்னியால் போட்டார். குளிரில் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் போட்டார். ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒன்று போட, கணக்குப் பிரிவில் அதற்கு விளக்கம் கேட்டார்கள். அரைவட்டம் என்ற பெயரை நான்தான் வைத்தேன். ஒரு வாரத்தில் இந்தி அறை, ஒடியா அறை எல்லாம் அதே பெயரைச் சொல்லத் தொடங்கின. அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. முழு வட்டம் என்று சொன்னால்தான் கோபப்பட்டிருப்பார்.

முதல் நாளே விளம்பரதாரரோடு தகராறு. ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும், 'இந்த பெனால்டி கார்னரை உங்களுக்கு வழங்குவது' என்று சொல்லி ஒரு சிமெண்ட் கம்பெனி பெயரைச் சொல்ல வேண்டும். அரைவட்டம் மாட்டேன் என்று விட்டார்.

"கார்னர் கொடுத்தது அம்பயர். நான் எப்படி தம்பி சிமெண்ட்காரன் கொடுத்தான்னு சொல்லுவேன்? அவனுக்கு அந்த அதிகாரம் கிடையாது."

இடைவேளையில் இதை எப்படித் தயாரிப்பாளருக்கு இந்தியில் சொல்வது என்று தெரியாமல், பெரியவருக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து சிமெண்ட் என் பொறுப்பு. இன்னொரு நாள் ஊரிலிருந்து வந்த கடலை மிட்டாயைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். ஸ்டேடியமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பெனால்டி ஸ்ட்ரோக் நேரத்தில் ஒரு கடி கடித்தார். யாருக்கோ எலும்பு முறிந்து விட்டது என்று நேயர்கள் பயந்து போயிருப்பார்கள்.

கோவில்பட்டிப் பையன் யாராவது ஆட வந்துவிட்டால் மட்டும் அரைவட்டம் ஆளே மாறிவிடுவார். பந்து எங்கேயோ போகட்டும், அந்தப் பையன் எந்தத் தெரு, அம்மா எந்தத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள், அப்பா எந்த வருஷம் ரைட் அவுட் ஆடினார், ஏன் முழங்கால் போனது என்று வம்சாவளி வரும். சில சமயம் பையனிடமே பேசுவார். குனிஞ்சு ஆடுய்யா, குனிஞ்சு ஆடு என்பார். இதையெல்லாம் ஊரில் அவருடைய பழைய டீம்காரர்கள் எட்டுப் பேர் ஒரே வீட்டில் கூடிப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் போன் வரும். ஸ்பீக்கரில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அவர்கள் சரி என்று சொன்னால்தான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும் என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. சர்க்கார் கொடுத்த பென்ஷனை விட அந்தப் போன் அவருக்குப் பெரிசு.

எங்கள் தயாரிப்பாளர் ஒரு பஞ்சாபிக்காரர். நல்ல மனிதர். தமிழில் ஒரு எழுத்து தெரியாது, ஒடியாவும் தெரியாது. அதனால் யார் நன்றாகப் பேசுகிறார்கள் என்பதை மீட்டரைப் பார்த்து முடிவு செய்வார். நாலு அறைக்கும் நாலு மீட்டர். மெதுவாகப் பேசினால் பச்சைக் கோடு, கத்தினால் சிவப்பு. மற்ற மூன்றும் எப்போதும் சிவப்பில் துடித்துக்கொண்டிருக்க, தமிழ் மட்டும் பயிர் வயல் மாதிரி பச்சையாகக் கிடக்கும். தினமும் வந்து, தமிழ் மே ஜான் நஹீ ஹை, தமிழில் உயிரே இல்லை என்று வருத்தப்படுவார். அந்த வருத்தம் நாளுக்கு நாள் எனக்குள் இறங்கியது. அடுத்த சீசனுக்கு நான் வேண்டுமே.

இனி வருவதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

அரையிறுதியில் நம் தமிழ்நாட்டு அணி. ஆட்டம் சமநிலை, இரண்டு நிமிஷம் பாக்கி. நம் ஆள் ஒருவன் பந்தை வாங்கி, இரண்டு பேரைத் தாண்டி ஓங்கி ஓர் அடி அடித்தான். பந்து எல்லோர் காலுக்கும் நடுவே புகுந்து வலைக்குள் போனது. நான் கத்தினேன். சிமெண்ட், கொசுவர்த்தி எதற்கும் அப்படிக் கத்தியதில்லை. கோல் என்ற சொல்லை ஒரே மூச்சில் எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவு நீட்டினேன். மீட்டர் சிவப்புக்குப் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் எழுந்து நின்று கட்டை விரலை உயர்த்தினார்.

அம்பயர் கை காட்டாமல் கோலைப் பற்றி வாயைத் திறக்காத அரைவட்டம், அந்த சீசனிலேயே முதல் முறையாக அம்பயருக்கு முந்திக்கொண்டு பேசினார். நிதானமாக, மைக்குக்கு அருகில் குனிந்து சொன்னார்.

"தம்பி, வெளிய இருந்து அடிச்சது. உள்ள யாரு ஸ்டிக்கும் படல. கோல் இல்ல."

எங்கள் ஒவ்வொரு மைக்குக்கும் முன்னால் ஒரு பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அதை அழுத்திக்கொண்டு இருமலாம், வெளியே கேட்காது. அவர் மைக்குக்குக் குனிந்தபோதே, சொல்லப் போவது தெரிந்து, நான் கையை நீட்டி அவருடைய பொத்தானை அழுத்தி விட்டேன். பதற்றத்தில் கை தவறியது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இல்லை. தெரிந்தே அழுத்தினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மீட்டர் சிவப்பில் நிற்கிறது, இந்த மனிதர் அதைக் கெடுக்கிறார் என்று கோபம். இரண்டாவது தடவையும் அவர் அதையே சொன்னார். அப்போதும் விரலை எடுக்கவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டு, குரங்குக் குல்லாய்க்கு மேல் ஹெட்போனும் மாட்டியிருந்ததால், என் கையும் அவருக்குத் தெரியவில்லை, தன் குரல் வெளியே போகவில்லை என்பதும் தெரியவில்லை.

அம்பயர் கை நீட்டவில்லை. எதிரணிக்காரன் பந்தை வைத்து உடனே அடித்தான். நான் இன்னும் பழைய கோலைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவர்கள் இந்தப் பக்கம் வந்து நிஜமாகவே ஒரு கோல் போட்டு விட்டார்கள். அதை நான் கவனிக்கவில்லை, விரலும் பொத்தானை விட்டு வரவில்லை. நம் அணி தோற்றது. தோற்றது கூடத் தெரியாமல் வெற்றி முழக்கம் செய்த வர்ணனை என்று அன்று மாலைக்குள் ஊர் முழுக்க வாட்ஸப்பில் சுற்றியது.

மறுநாள் விசாரணை. விளம்பரப் பிரிவில் தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒலிப்பதிவைக் கேட்க வைத்தார்கள். ஒருவர் கத்துகிறார், இன்னொருவர் ஒன்றுமே பேசவில்லை என்று அவள் இருந்ததைச் சொன்னாள். தயாரிப்பாளர் யோசித்து ஒரு தீர்ப்புக்கு வந்தார். கத்தியவன் தப்பாகக் கத்தினாலும் உயிரோடு கத்தியிருக்கிறான். விதி தெரிந்த நிபுணர், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் எதற்கு? நான் சொன்னேனே என்று அரைவட்டம் இந்தியில் சொல்லிப் பார்த்தார். ஒலிப்பதிவை அவருக்கே போட்டுக் காட்டினார்கள். அதில் அவர் இல்லை.

நான் வாசலில் ஈ-ரிக்ஷாவுக்கு நின்றபோது அரைவட்டம் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நான் சொன்னேம்லா? வெளிய இருந்து அடிச்சதுன்னு. ஒங்களுக்குக் கேட்டுச்சுல்ல?"

"எனக்கு என் சத்தமே கேக்கல சார்" என்றேன்.

"சரி" என்றார். பிறகு, "அப்ப மனசுக்குள்ள சொல்லியிருப்பேன் போல" என்றார். நான் வந்து நின்ற ரிக்ஷாவில் ஏறி, ஜல்தி சலோ பையா, சீக்கிரம் போங்கண்ணே என்றேன். அவ்வளவு அவசரமாகப் போக எனக்கு எந்த இடமும் இருக்கவில்லை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நான் தனியாகப் பேசினேன். நன்றாக இருந்தது என்று தயாரிப்பாளர் தோளில் தட்டினார். அடுத்த சீசன் உறுதி என்றார்.

ஆனி மாதம், டில்லி அடுப்பாகக் காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் அரைவட்டத்தின் மனைவி போன் செய்தார். அந்த அம்மாள் என்னோடு அதுவரை பேசியதில்லை.

"தம்பி, இவுக அந்த மேட்ச்ச போன்ல போட்டுப் போட்டுக் காதுல வச்சிக்கிட்டே இருக்காக. ஏ, இந்த எடத்துல எங்கொரல் கேக்குதா பாருன்னு சொல்லுதாக. எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. மகன் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி ஞாபக சக்திக்குப் பாத்துட்டு வந்துட்டான். நீங்க பக்கத்துல இருந்தீகளே, என்னதான் நடந்துச்சு?"

டாக்டர் அவரிடம் இன்று என்ன கிழமை, பிரதமர் யார் என்றெல்லாம் கேட்டாராம். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டு, டாக்டரின் மருந்துச் சீட்டில் அரைவட்டம் போட்டு டாக்டரைத் திருப்பிக் கேள்வி கேட்டாராம். டாக்டர் ஃபெயில். ஆனால் ஊரில் அந்த எட்டுப் பேரும், நான் சொன்னேன், உங்களுக்குக் கேட்கவில்லை என்று இவர் சொன்னதை நம்பவில்லை. வாய்க்குள் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று ஆரம்பித்த கேலி, சொல்லாததைச் சொன்னேன் என்கிறானே, டில்லிக்குப் போய்ப் பொய் பேசக் கற்றுக்கொண்டான் என்று முடிந்திருக்கிறது. போன் வருவது நின்று விட்டது. சாயங்காலம் பூங்காவுக்குப் போவதும் நின்று விட்டது என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் மத்தியானமே மெட்ரோ பிடித்து துவாரகா போனேன். நல்லவன் என்பதால் போகவில்லை. முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதால் போனேன். அவர் கதவைத் திறந்ததுமே, உட்காரக் கூடச் செய்யாமல், செருப்போடு நின்றபடி சொல்லி விட்டேன். பொத்தானை அழுத்தியது, இரண்டாவது முறையும் விரலை எடுக்காதது, கேட்கவில்லை என்று பொய் சொன்னது எல்லாம். என்னை வெளியே போ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் செருப்பைக் கழற்றவில்லை.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"அப்ப நான் சொல்லியிருக்கேன்" என்றார். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏளா, கேட்டியா? நான் சொல்லியிருக்கேன். வாயால சொல்லியிருக்கேன். தம்பிதான் பொத்தான அமுக்கிட்டாரு" என்றார். ஏதோ நான் அவருக்குப் பட்டம் வாங்கி வந்து கொடுத்த மாதிரி. நான் செய்த துரோகம் அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. தன் மூளை கெட்டுப் போகவில்லை என்பது மட்டும்தான் விழுந்தது. ஐந்து மாதமாக அந்த மனிதர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

உடனே போனை எடுத்து ஊருக்குப் போட்டார். முதலில் பழைய டீமின் கோல் கீப்பர். அறுபத்தெட்டு வயது, இப்போது வத்தல் வியாபாரம். எந்த விளக்கமும் இல்லாமல், "இந்தா, ஆளு இங்கனதான் இருக்காரு, கேட்டுக்கோ" என்று போனை என் கையில் கொடுத்தார். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பிறகு கோல் கீப்பர், நான் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊரில் ஹாக்கி கிடையாதே, பாவம் என்றார். அடுத்து ரைட் ஹாஃப். அவருக்குக் காது மந்தம். பொத்தானை அழுத்தினேன் என்பதை நாலு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்கடுத்தவர் ரிட்டையர்டு போலீஸ், எந்த விரலால் அழுத்தினேன் என்று கேட்டார். இப்படி ஏழு பேரிடம் ஏழு தடவை என் திருட்டுத்தனத்தை நானே வர்ணனை செய்தேன். ஒவ்வொரு முறையும் அரைவட்டம் என் எதிரே உட்கார்ந்து, புதிதாகக் கேட்பவர் போலத் தலையாட்டினார்.

ஏழோடு அவர் போனைக் கீழே வைத்து விட்டார். எட்டுப் பேர் ஆயிற்றே, இன்னொருவர் என்று நான்தான் கேட்டேன்.

"லெஃப்ட் பேக். அவன் சித்திரையில போயிட்டான் தம்பி" என்றார்.

நான் இரண்டு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாததால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் மோர் கொண்டு வந்து வைத்தார். குடிக்க முடியவில்லை. அரைவட்டம்தான் பேசினார்.

"அவன் நம்பியிருப்பான். எனக்குப் பின்னால முப்பது மேட்ச் ஆடியிருக்கான். பந்த விட்டுட்டேன்னு நான் வாயால சொன்னாத்தான் அவன் ஓடி வருவான், இல்லைன்னா வர மாட்டான். குடிங்க தம்பி."

குடித்தேன்.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் மெட்ரோ வாசல் வரைக்கும் கூடவே நடந்து வந்தார். ஓக்லாவில் நடந்ததைத் தயாரிப்பாளரிடமும் சொல்லப் போகிறேன் என்றேன். அதற்கு அவர் பெரிதாக அக்கறை காட்டவில்லை, ஊருக்குத் தெரிந்தால் போதும் என்கிற மாதிரி இருந்தார். நான் படியில் ஏறப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன் தம்பி. அன்னிக்கி நீங்க கத்துனது நல்லாத்தான் இருந்துச்சு. கோலா மட்டும் இருந்திருந்தா, பிரமாதம்."

தயாரிப்பாளரிடம் சொன்னேன், அடுத்த சீசன் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது. குரலை வைத்துப் பிழைக்கிறவன் நான். பாராட்டு எனக்குப் புதிதில்லை. ஆனால் யாருக்கும் சொல்லாமல் இன்றுவரை எனக்குள் பத்திரமாக வைத்திருப்பது அவர் சொன்ன இந்த ஒன்றைத்தான்.